வேலிக்கு வெளியே சாய்த்து வைத்தது

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று மட்டும் ஓட்டலில் துவைத்தது நாற்பத்தோரு படுக்கை விரிப்பு. இந்தக் காற்றில் தலைமுடியிலேயே கால் கிலோ மண் இருக்கிறது, அதோடு போய் வெள்ளை விரிப்பில் படுக்கிறார்கள். அப்புறம் அறையில் புழுதி என்று புகார்.

மதியம் மேரன் சலவை அறைக்கே இறங்கி வந்தாள். ஓட்டல் அவளுடையது. ஏழு வருஷத்துக்கு முன் நியூயார்க்கிலிருந்து வந்து, பழைய தீவனக் கிடங்கை வாங்கி, உரிந்த சுவரை உரிந்தபடியே விட்டு, அதைக் கலை என்று சொல்லிப் பன்னிரண்டு அறை கட்டியவள்.

"ஹெர்லிண்டா, ரூமுக்கு ஒண்ணு வைக்கிற மாதிரி ஒரு சின்ன புத்தகம் வேணும். ஊரைப் பத்தி ஊர்க்காரங்களே சொல்றது. நான் எழுதினா பொய்யா இருக்கும். நீங்க எழுதுறீங்களா?"

ஐம்பத்தாறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். துண்டு எங்கே, சோப்பு எங்கே என்பதைத் தவிர வெளியூரிலிருந்து வந்த இவர்களில் ஒருவர் என்னிடம் ஒன்றைக் கேட்பது இதுதான் முதல் தடவை. சரி என்று உடனே சொல்லிவிட்டேன். கொஞ்சம் பிகு பண்ணியிருக்கலாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். என் வீட்டுக்காரன் ரமீரோ, "என்ன, கடிதாசா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

முடித்தேன். எனக்கே பிடித்திருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

உள்ளதைத்தான் எழுதினேன். திங்கள், செவ்வாய் வராதீர்கள், எல்லாம் பூட்டியிருக்கும். புதன் திறப்பார்கள், மனசிருந்தால். எதிரே வரும் வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குங்கள், கை முழுக்க ஆட்டினால் வெளியூர் என்று தெரிந்துவிடும். ரயில் நிற்காது, கை காட்டிப் பயனில்லை. கலை என்று வெட்டவெளியில் வைத்திருக்கும் கான்கிரீட் பெட்டிகளைப் பார்க்க மூன்று மணி நேரம் காரில் வந்தவர்கள், பின்னால் திரும்பி மலையையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.

அப்புறம் இது. இதுதான் மேரனுக்கு ரொம்பப் பிடித்தது:

'எங்கள் ஊரில் வேலிக்கு வெளியே சாய்த்து வைத்த பொருள் எதுவானாலும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டாம், நன்றியும் வேண்டாம். என் சமையலறை மேஜை அப்படி வந்ததுதான்.'

"இது கவிதை!" என்றாள். கவிதையெல்லாம் இல்லை, மேஜை.

செப்டம்பர் 20, வெள்ளி

அச்சாகி வந்துவிட்டது. அட்டையில் 'ஹெர்லிண்டாவின் ஊர்' என்று போட்டிருக்கிறாள். உள்ளே என் முகம், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

குக்காவின் கடைக்கு பரீட்டோ வாங்கப் போனேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. "வாங்கம்மா எழுத்தாளரே! எங்க மாதிரி எழுதத் தெரியாதவங்க கையால சாப்பிடுவீங்களா?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அதையும் எழுதிவிடுகிறேன், இங்கே பொய் எழுதி யாரை ஏமாற்ற?

ரமீரோ புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் அதிகம் படிக்க மாட்டான், காற்றாலையும் பம்பும்தான் அவனுக்குப் பாஷை. "உன் எழுத்து நல்லா இருக்கும்னு எனக்குத்தான் முதல்ல தெரியும். வருஷா வருஷம் சிலுவையில டெல்ஃபினா பேரை எழுதறது நீதானே" என்றான்.

அக்டோபர் 24, வியாழன்

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்காகச் சிலுவைகளைப் பிடுங்கும் நாள். கல்லறையின் மேல் பெயிண்ட் சொட்டக் கூடாது, அதனால் வருஷா வருஷம் எல்லோரும் சிலுவையை வெளியே கொண்டுவந்து பூசி, கல்லறைத் தோட்டத்து வேலியில் சாலைப் பக்கமாகச் சாய்த்துக் காய வைப்போம். எங்கள் ஜனங்களின் பக்கத்தில் மட்டும்தான் இது. வெள்ளைக்காரர்கள் பக்கம் எல்லாம் பளிங்கு, அவர்களுக்கு இந்த வேலை இல்லை.

எங்களுடையது காற்றாலைத் தகட்டில் ரமீரோ செய்தது. நடுவில் நீலக் கண்ணாடித் துண்டுகள், தந்திக் கம்பத்திலிருந்து விழுந்த கண்ணாடிக் குமிழை உடைத்துப் பதித்தது. இருபத்திரண்டு வருஷமாக அவன் வெள்ளை பூசுகிறான், நான் பேர் எழுதுகிறேன். மெல்லிய பிரஷ், கறுப்பு. எங்கள் மகள் டெல்ஃபினா, பதினோரு வயது. உயிரோடு இருந்தால் முப்பத்து மூன்று.

அக்டோபர் 26, சனி

கலை வாரம். ஊர் முழுக்க வெளியூர்த் தொப்பி. ஓட்டலில் இரட்டை வேலை, விரிப்பு எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

மற்றவர்கள் இன்று சாயங்காலமே சிலுவைகளை உள்ளே கொண்டுபோய் நட்டுவிட்டார்கள். ரமீரோ போன் பண்ணினான். "நம்மளுது காய்ஞ்சிருச்சு. நட்டுறவா?"

"நான் இல்லாமயா? நாளைக்கு ரெண்டு பேருமாப் போலாம்" என்றேன்.

நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

இல்லை.

வேலி முழுக்க நடந்து பார்த்தோம். புல்லுக்குள், வாய்க்காலில், அந்தப் பக்கத்துத் தோட்டத்தில்கூட. சாய்த்து வைத்த இடத்தில் மண்ணில் ஒரு கோடு, அவ்வளவுதான். பக்கத்தில் சின்ன காலணித் தடம்.

"இரும்பு பொறுக்கிறவங்க வேலை" என்றான் ரமீரோ. "சிலுவையைக்கூடவா எடுப்பாங்க? என்ன ஜென்மம்டா இது?"

எனக்கு அப்போதே புத்தகத்தில் எழுதிய வரி ஞாபகம் வந்தது.

அக்டோபர் 29, செவ்வாய்

மேரன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஹெர்லிண்டா, இதைப் பாருங்க! ஆறாம் நம்பர் கெஸ்ட், சிகாகோக்காரங்க, உங்க புத்தகத்தைப் படிச்சிட்டு என்ன கண்டுபிடிச்சிருக்காங்கன்னு!"

வெள்ளைச் சுவர். அதில் டெல்ஃபினாவின் சிலுவை. கீழே அந்தப் பெண் எழுதியிருக்கிறாள்: பாலைவனம் எனக்குக் கொடுத்த பரிசு, நன்றி ஹெர்லிண்டா. அதற்குக் கீழே என் வரி. அச்சில் வந்தபடி, ஒரு எழுத்து மாறாமல்.

நான் துண்டுக் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எப்படியோ சொன்னேன். மேரன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழட்டும். அவளுக்கு அழுகை சுலபமாக வருகிறது, உடனே நின்றும்விடுகிறது.

"ஆனா... கல்லறைச் சிலுவை அதுல சேராதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

அதுதான். எப்படித் தெரியும்? கல்லறை வேலி எங்களுக்கு வேலிக் கணக்கிலேயே இல்லை. அது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். அதை எழுத வேண்டும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? அதில் பேர் எழுதியிருந்ததே — பேரைப் பார்த்துமா தூக்கினாள்? அது பெட்டிக் கடைப் பலகையா?

இல்லை, அவளைத் திட்டி என்ன. எடுத்துக்கோ என்று சொன்னது யார்? ஊர் வழக்கத்தை ஊர்க்காரி விற்றால் வாங்குகிறவள் என்ன செய்வாள்? நான்தான். பெருமை. கேவலம், ஒரு பாராட்டுக்கு.

அக்டோபர் 30, புதன்

ரமீரோவிடம் சொல்லவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டான், பல் வலி என்றேன்.

நவம்பர் 2, சனி

எல்லாக் கல்லறையிலும் சாமந்தி, சிலுவை, மெழுகுவத்தி. எங்களுடையதில் காப்பி டப்பாவில் பூ மட்டும். வருகிறவர் போகிறவர் எல்லாம் ரமீரோவின் தோளைத் தட்டினார்கள், இரும்புத் திருடனுக்குச் சாபம் கொடுத்தார்கள். நானும் கூடச் சேர்ந்து தலையாட்டினேன்.

நவம்பர் 21, வியாழன்

மேரன் எழுதிக் கேட்டு, அந்தப் பெண் அனுப்பிவிட்டாள். ஓட்டல் முகவரிக்குத்தான் அனுப்பச் சொல்லியிருந்தேன். முட்டாள் எங்கள் வீட்டுக்கே அனுப்பியிருக்கிறாள், புத்தகத்தில் என் தெருவின் பேரைப் பெருமையாகப் போட்டிருந்தேனே, அதைப் பார்த்து. நான் வேலையில் இருந்தேன். பெட்டியை ரமீரோ பிரித்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்தால் சமையலறை மேஜை மேல் கிடக்கிறது. அந்த மேஜை மேல்.

பெயிண்ட் இல்லை. சுரண்டி, மெருகேற்றி, வெறும் தகடு. இருபத்திரண்டு வருஷத்து வெள்ளை, இருபத்திரண்டு தடவை எழுதிய பேர், ஒன்றும் இல்லை. கண்ணாடி மட்டும் பளபளவென்று. கூடவே ஒரு கடிதம்: மன்னியுங்கள், தெரியாமல் செய்துவிட்டேன், உள்ளே இருக்கும் உலோகம் அவ்வளவு அழகாக இருந்தது. பக்கத்தில் 'ஹெர்லிண்டாவின் ஊர்', என் வரியில் மஞ்சள் கோடு போட்டு.

அதிகம் படிக்காதவன். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டான்.

"இதை நீ எழுதினியா?"

"ஆமா."

"யார் எடுத்தாங்கன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"மூணு வாரமா."

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. "கல்லறையில என் கூட நின்னுக்கிட்டுத் திருடனைத் திட்டினியே லிண்டா" என்று மட்டும் சொன்னான். சிலுவையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான்.

டிசம்பர் 8, ஞாயிறு

பேசுகிறான். உப்பு எடு, கதவைச் சாத்து. அவ்வளவு.

மார்ச் 12, புதன்

புத்தகம் தீர்ந்துவிட்டதாம், இரண்டாம் பதிப்பு போட வேண்டுமாம். மேரன் கெஞ்சினாள். "அந்த வரியை எடுத்துடலாம். பதிலா கல்லறைத் தோட்டத்தைப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்களேன், ப்ளீஸ். மரியாதையா. மனசைத் தொடுற மாதிரி."

மனசைத் தொடுகிற மாதிரி! கையிலிருந்த ஈரத் துண்டால் அவள் முகத்தில் அடிக்காததற்குக் கடவுள்தான் காரணம். நாளையிலிருந்து வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மடித்த விரிப்பையெல்லாம் கலைத்துப் போட்டுவிட்டு வந்தேன். சின்னத்தனம்தான். நன்றாக இருந்தது.

ரமீரோவிடம் சொன்னேன். "சரி" என்றான்.

அக்டோபர் 25, சனி

கல்லறைத் தோட்டத்துப் பக்கமாகப் போனேன். வேலியில் ஒரு சிலுவைகூட இல்லை. எல்லோரும் வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு பூசுகிறார்கள். என் வரியால் வந்தது என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று, ஆனால் யாரும் கூடிப் பேசி முடிவு பண்ணவில்லை. குக்கா கடை வாசலில் நின்றவள், என்னைப் பார்த்ததும் என்னவோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் வாயை அடைத்த பெருமையும் எனக்குத்தான்.

எங்களுடையது இன்னும் கொட்டகையில். கறுப்பு டப்பாவைத் திறந்து பார்த்தேன், காய்ந்திருந்தது. புதிது வாங்கி, மெல்லிய பிரஷைக் கழுவி ஜன்னலில் வைத்திருக்கிறேன். பேர் எழுத ரமீரோ கூப்பிடுவான்.

அக்டோபர் 31, வெள்ளி

கூப்பிடவில்லை. பிரஷ் ஜன்னலில்தான் இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

நான் போவதற்குள் ரமீரோ நட்டு முடித்திருந்தான். வெள்ளை பூசி, நடுவில் நீலம். பேரும் எழுதியிருந்தது. எழுத்துகள் மேலேயும் கீழேயுமாக, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் விளிம்பில் இடித்துக்கொண்டு. யார் எழுதியது என்று கேட்கவில்லை. பூவை வைத்தோம், பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், வீட்டுக்கு வந்தோம்.

சாயங்காலம் துணிக்கு கிளிப் தேடிக் கொட்டகைக்குப் போனேன். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அட்டைப்பெட்டித் துண்டுகள், ஏழெட்டு இருக்கும். இரண்டு பக்கமும் பென்சிலில் டெல்ஃபினா, டெல்ஃபினா, டெல்ஃபினா. முதல் அட்டையில் படிக்கவே முடியவில்லை. கடைசி அட்டையில் பரவாயில்லை.

எத்தனை நாள் உட்கார்ந்து எழுதிப் பழகினானோ. நான் இருபது அடி தள்ளிச் சமையலறையில்தான் இருந்தேன்.

அட்டைகளை இருந்தபடியே வைத்துவிட்டு, கிளிப்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.