விஜயா எந்த வகுப்பில்?

காஜா பேராங், மலாக்கா
14 ஜூன் 1943

அன்பு கோகிலா அக்காவுக்கு,

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் ஆண்டவன் உடம்புக்குச் சுகத்தைத் தரட்டும். இங்கே நாங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளை ஓட்டுகிறோம்.

உங்கள் தம்பி கருணாகரன் அண்ணனைச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனபின் ஒரு சேதியும் இல்லை. அவர் மனைவி பொன்னம்மா காய்ச்சலில் போனதிலிருந்து அவர்கள் மகள் விஜயா என்னோடுதான் இருக்கிறாள். எங்கள் பிள்ளைகள் சித்தியைக் கூப்பிடுவதுபோல என்னைச் 'சாச்சி' என்கிறாள். என் மகள் ஜமீலாவை விட்டு ஒரு நிமிடம் பிரிவதில்லை.

இப்போது ஒரு குழப்பம். இந்தியர் சங்கத்துக்காரர்கள் தமிழ்ப் பள்ளியைத் திறந்திருக்கிறார்கள். காலையில் எல்லாப் பிள்ளைகளும் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசைக்குக் குனிய வேண்டும். அது உத்தரவு. பிறகு சமய வகுப்பு. இந்துப் பிள்ளைகளுக்குத் தேவாரம், எங்கள் பிள்ளைகளுக்குப் பின்கொட்டகையில் லெப்பையிடம் குர்ஆன் ஓதல். விஜயா ஜமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு லெப்பை முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். ஜெயபாலன் வாத்தியார் வீடு தேடி வந்து, "இந்தப் பிள்ளைய எங்கம்மா உட்கார வைக்கிறது?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுடைய அத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தங்கை,
அஸ்மா

---

சிரம்பான்
2 ஜூலை 1943

அன்புத் தங்கை அஸ்மாவுக்கு,

பிள்ளை உயிரோடு இருப்பதே உன்னால்தான். அதை மறந்து நான் பேசினால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனாலும் ஒரு குறை. வாத்தியார் கேட்டவுடனே 'தேவாரத்துக்கு' என்று உன்னால் சொல்லியிருக்க முடியாதா? என் தம்பி மகள் வேறென்ன படிப்பாள்?

பள்ளிக்கூடம் என்றால் சமயம் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். அரசாங்கம் மாறுகிறது, காசு மாறுகிறது, தேதி எழுதுவதுகூட மாறிவிட்டது. சாமி பெயர் ஒன்றாவது மாறாமல் இருக்கட்டும். அவளைத் தேவார வகுப்பிலேயே உட்கார வை. அழுதால் அழட்டும்.

இப்படிக்கு,
அக்கா கோகிலா

---

காஜா பேராங்
9 ஆகஸ்ட் 1943

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். நாலைந்து நாள் அழுதாள், பிறகு பழகிவிட்டாள். மாலையில் ஜமீலாவுக்கே ஒரு தேவாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

அதற்குள் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். என் வீட்டுக்காரர், ஜமீலாவின் அத்தா, எழுந்து, பள்ளிக்கூடம் எழுத்துக்கும் கணக்குக்கும்தான், சாமியும் தொழுகையும் வீட்டோடு இருக்கட்டும் என்றார். ஒரு பெரியவர் எதிர்த்துப் பேசியதும் இவர் குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு ஒரு தெசையப் பார்த்துக் குனியச் சொல்றாங்க. பள்ளிக்கூடத்துல சாமிக்குன்னு நாம தெறந்து வச்ச கதவு வழியாத்தானே வந்தாங்க" என்றார். வெளியே யாராவது கேட்கிறார்களோ என்று எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் ஆட்களும் எங்கள் ஆட்களும் சேர்ந்தே சமய வகுப்பை நிறுத்தச் சம்மதித்தார்கள்.

அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. திரும்பி நடந்து வரும்போதுதான், "அப்ப விஜயாவுக்கு நம்ம வீட்டுல தேவாரம் யாரு சொல்லிக்கொடுக்கிறது?" என்று கேட்டேன். மறுநாள் வாத்தியாரிடம் போய், வகுப்பை நிறுத்த வேண்டாம் என்று கெஞ்சினேன். "உன் புருஷன்தானம்மா நிறுத்தச் சொன்னார்" என்று சிரித்துவிட்டார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நானே அவளைக் கோயில் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறேன். பண்டாரம் உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பாடச் சொல்கிறார். நான் வெளியே மரத்தடியில் நிற்கிறேன். அதற்கு இரண்டு பக்கத்து ஆட்களும் குறை பேசுகிறார்கள். ஜமீலாவுக்குச் சரியாக இருப்பது விஜயாவுக்கு ஏன் சரியாக வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை, அக்கா.

அஸ்மா

---

சிரம்பான்
6 செப்டம்பர் 1943

அஸ்மாவுக்கு,

நீயே எழுதிவிட்டாய். சாமி வீட்டோடு என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். நானும் அதையே சொல்கிறேன். அப்படியானால் பிள்ளை அவள் வீட்டுக்கு, என்னிடம் வர வேண்டும். போன கடிதத்தில் பள்ளியில்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதியவளும் நான்தான். தெரிகிறது. எது முறை என்று எனக்கே இப்போது தெரியவில்லை. என் ரத்தம் எனக்கு வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

முன்பென்றால் கோர்ட் இருந்தது. இந்துப் பிள்ளைக்கு இன்ன வழக்கம் என்று கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். இப்போது எந்தச் சட்டம் நடக்கிறது என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் பிள்ளையை என்னிடம் தரச் சொல்லி மலாக்கா சர்க்கார் ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இருந்தால் மனு எழுதுவது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

கோகிலா

---

காஜா பேராங்
18 அக்டோபர் 1943

அன்பு அக்காவுக்கு,

உங்கள் மனு வந்து, ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நானும் ஜமீலாவின் அத்தாவும் போனோம். அங்கே இருந்த அதிகாரி பொல்லாதவரில்லை. விஜயாவை எங்கள் மகளாக, முஸ்லிம் பெயரோடு குடும்ப அரிசிக் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் உங்கள் மனு தள்ளுபடி, பிள்ளையை யாரும் கேட்க முடியாது என்றார். இந்துப் பிள்ளை என்றே எழுதுவதானால் இந்து உறவிடம் ஒப்படைத்துவிட வேண்டுமாம். ஒரு வீட்டுக்கு ஒரு மதம்தானாம். அதுதான் அவருக்குச் சுலபம்.

ஜமீலாவின் அத்தா என் காதில், "வெறும் காகிதம்தானே. போட்டுடு. பிள்ளை நம்மளோட இருக்கட்டும்" என்றார். இவர்தான் கூட்டத்தில் அப்படிப் பேசியவர். அவர் கண் கலங்கியிருந்தது. விஜயாவை மடியில் வைத்து அகரம் எழுத வைத்தவர் அவர்.

பேனாவை வாங்கினேன். அக்கா, என் மார்க்கத்தில் ஒரு பிள்ளை சேர்வது எனக்குச் சந்தோஷம் இல்லையா? ஆனால் அவள் கேட்டு வரவில்லையே. அரிசிக் கார்டுக்காக வருகிறாள். கருணாகரன் அண்ணன் என்றைக்காவது வந்து வாசலில் நின்று விஜயா என்று கூப்பிட்டால், அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இல்லை என்று அந்தக் கார்டு சொல்லுமே. "இவ இந்துப் பிள்ளைதாங்க" என்று சொல்லிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அதிகாரி இந்து உறவு என்று உங்கள் பெயரை எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஜமீலாவின் அத்தா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. லெப்பை நான் செய்தது தப்பு என்கிறார். கோயில் ஆட்கள் புகழ்கிறார்கள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தேனா, அதை எதிர்த்தேனா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

தம்பினிலிருந்து இங்கே வந்த ரயில் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாமுக்கே கொண்டுபோய்விட்டார்கள். விஜயாவைக் கூட்டிப்போகத் தம்பினில் இறங்கி லாரி பிடித்து வாருங்கள். அவளுடைய இரண்டு சட்டைகளையும் துவைத்து வைத்திருக்கிறேன். இருமல் இருக்கிறது, ஈரத்தில் படுக்க வைக்காதீர்கள்.

காலையில் வாருங்கள், அக்கா. ஜமீலா பள்ளியில் இருக்கும் நேரமாக இருக்கட்டும்.

உங்கள்
அஸ்மா