பாதிப் பூவில் ஒரு முடிச்சு

மண்ணெண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. டிசைனைத் துணியில் பதிக்க வெள்ளைப் பொடியோடு குழைத்துத் தேய்த்தாயே, அதே வாசனை. தையல் ஃப்ரேம் மேல் போர்த்தியிருந்த துணியை இன்று காலை விலக்கியதும் குப்பென்று அடித்தது. நீ போன நாளிலிருந்து அந்தப் பக்கமே நான் போகவில்லை. காற்றில் நூல் அசையுமோ என்று ஃபேன்கூடப் போடுவதில்லை.

என் மகளின் முகூர்த்த ஜாக்கெட். இடது கையில் கடைசிப் பூ பாதியில் நிற்கிறது.

பூவைப் பாதியில் விட்டு எழுந்திருக்கவே மாட்டாயே நீ! டீ ஆறினாலும் சரி, வீட்டிலிருந்து போன் வந்தாலும் சரி. "பாதிப் பூவுல முடிச்சு போட்டா அது அங்கியே நின்னுடும்பா" என்பாய். அன்றைக்கு நெஞ்சைக் கரிக்கிறது என்று எழுந்தவள், முடிச்சுப் போடாமல் கொக்கி ஊசியை மட்டும் கடைசி நூல் கண்ணியில் மாட்டிவிட்டு, "நீ தொடாதே, நானே வந்து முடிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டுச் செவிலிமேடு பஸ் ஏறினாய். சாயங்காலம் உன் தம்பிதான் போன் செய்தான்.

போனில் படத்தைக் காட்டி, கட்ச் கண்ணாடி வேலை வேண்டும், லக்னோ வெள்ளைப் பூ வேண்டும், வங்காளத்துக் காந்தா வேண்டும் என்று வருகிறவர்களிடம் எல்லாம் நீ கேட்பது ஒன்றுதான், முடிச்சு தெரிகிற பின்பக்கப் படம் இருக்கிறதா என்று. அவர்கள் முழிப்பார்கள். காந்தாவில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் அந்த இடம்தான் போகும், நம் ஆரித் தையல் ஒற்றை நூலில் கோத்த சங்கிலி, முடிச்சு இல்லாவிட்டால் ஒரே இழுப்பில் மொத்தமும் ஓடிவிடும் என்று விளக்குவாய். பக்கத்து வீட்டுத் தறியில் இழை அறுந்தால் பிணைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இதற்கு நடுவில் என் நாத்தனார் வேறு. "செத்துப்போனவ கை வெச்சதைத் தாலி கட்ற நேரத்துல போடுவாங்களா?" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போனால் என்ன ஆகும்? வேறு ஜாக்கெட் வாங்கிவிடலாம் என்று மகளிடம் சொல்லிப் பார்த்தேன். சித்தி என்று சொல்லாமல், உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி அவளும் உன்னைக் காலா என்றுதானே கூப்பிடுவாள். காலா செய்ததைத்தான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவள்தான் இன்று போர்வையை விலக்கச் சொன்னவள்.

ஊசி எப்போதோ கண்ணியிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. அது தெரியாமல், ஃப்ரேமுக்கு அடியில் உருண்டு கிடந்த நூல்கண்டை எடுத்து வைக்கிறேன் என்று அவள் இழுத்துவிட்டாள். என் கண்ணெதிரே உன் பூவின் ஓர் இதழ் அப்படியே கரைந்தது. பாய்ந்து கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். விரலை எடுத்தால் அடுத்த இதழ், அப்புறம் அந்தக் கொடி, அப்புறம் கை முழுவதும்.

"அம்மா, முடிச்சு போட்டுடும்மா" என்றாள்.

"அவ தொடக் கூடாதுன்னு சொல்லிக்கினு போனாடி. வந்து முடிக்கறேன்னா."

"வர மாட்டாங்கம்மா."

அந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அவளும் அழுதாள். உன் ஊசியைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தாள். கண்ணி இரண்டு தடவை நழுவப் பார்த்தது. பிடித்துவிட்டேன். முடிச்சுப் போட்டு நூலை வெட்டினேன். அதற்கு அப்பால் ஒரு தையல்கூடப் போடவில்லை. பூ பாதியாகவே இருக்கட்டும் என்று அவளும் சொல்லிவிட்டாள். நாத்தனார் கேட்டால் உன் பெயரையே சொல்லப்போகிறேன், ஆனது ஆகட்டும்.

பயம் மட்டும் விடவில்லை. வெள்ளிக்கிழமை மணவறையில் எல்லோரும் தாலியைப் பார்ப்பார்கள், நான் அந்த இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். கட்டைவிரலில் அந்தக் கண்ணி இன்னும் உறுத்துகிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், சட்டென்று அந்தப் பாதிப் பூவைக் கையால் மூடிக்கொள்கிறேன், நீ பார்த்துவிடுவாயோ என்று.