முள்ளங்கி கழுவிய படகு

ரிங்லெட்,
நவம்பர் 16, ஞாயிறு.

அன்புள்ள மருமகன் டொனால்டுக்கு,

உன் ஒரே தாய்மாமன் லூயிஸ் எழுதிக்கொள்வது. இங்கே மழையும் நாங்களும் நலம். அங்கே நியூசிலாந்தில் உன் ஏரியும் நீயும் நலமாக இருக்க ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

இந்தக் காலத்தில் கடுதாசியா என்று நினைப்பாய். போன் பண்ணினால் "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லி நீ வைத்துவிடுகிறாய். கடுதாசியை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆறாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியதற்குக் காரணம், தோட்டத்து லோரியை ஓட்ட ஆள் இல்லாமல் துரையே நம் லயத்து வாசலில் வந்து நின்றதுதான். இல்லையென்றால் இன்றைக்கு நான் டாக்டர்.

முதலில் உன் அம்மா எழுதச் சொன்னதை எழுதிவிடுகிறேன். "அந்த ஓட்டைப் படகு வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துடு. இல்லாட்டி நான் செத்தாகூட வராதே." எழுதிவிட்டேன். சொல்லி முடித்ததும் என் அக்கா பெட்டி அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு வேலையும் இல்லை. பானை மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள், ஜன்னலுக்குப் போகிறாள், திரும்பி வருகிறாள். இனிமேல் வருவதெல்லாம் நானே எழுதுவது.

செப்டம்பரில் நீ ஒரு வீடியோ அனுப்பினாய் அல்லவா, நீலக் கயாக் படகில் நீ தனியாகப் போவது? தூண்டிலைப் பின்னால் நீளமாக விட்டுவிட்டு, மெதுவாகத் துடுப்புப் போட்டுக்கொண்டே போய் டிரவுட் மீன் பிடிப்பது. அதை நான் டவுன் முழுக்கக் காட்டினேன். நியூசிலாந்துக்காரனுக்கே மீன்பிடிக்கச் சொல்லிக்கொடுப்பது என் மருமகன்தான் என்றேன். நூடல்ஸ் கடை முதலாளி, சீனத் தௌக்கே, எழுந்து நின்று கை கொடுத்தார். உன் அம்மா மட்டும் மீனைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்க்கவில்லை. உன் காலடியைப் பார்த்தாள். படகின் அடியில் இரண்டு ஓட்டை. அதில் தண்ணீர் கொப்பளித்து ஏறுகிறது, இறங்குகிறது.

உடனே உனக்குப் போன் போட்டு, ஓட்டையை அடைக்கச் சொல்லு உன் முதலாளியை என்றாள். நீ சிரித்தாய். அது அப்படித்தான் இருக்கும் என்று நீ சொன்னது சரிதான், நான் இப்போது சாட்சி. ஆனால் பக்கத்தில் இருந்த எவனிடமோ அதை ஆங்கிலத்தில் சொல்ல, அவனும் சேர்ந்து சிரித்தானாம். அதோடு வைத்தவள்தான். நீ எத்தனை தடவை கூப்பிட்டும் எடுப்பதில்லை.

உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. லெம்பா பெர்த்தாமில் ஆறு சேறாகப் பெருகி உன் அப்பா பிரெட்ரிக்கைத் தோட்டத்தோடு கொண்டுபோனதை அவள் கண்ணால் பார்த்தவள். தானா ராத்தா போகிற பஸ்ஸில் ஏறினால் இன்றைக்கும் மலைப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள், ஏரிப் பக்கம் உட்காரமாட்டாள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு இந்த வீட்டில் ஆற்று மீன் வாங்கியதில்லை. அவளிடம் ஓட்டைப் படகைக் காட்டிவிட்டு நீ சிரிக்கிறாய்.

இப்போது அவள் தூங்குவதில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அப்போதுதான் முடிவு செய்தேன், நானே ஒரு கயாக்கில் ஏறி நம் அணை ஏரியில் டிரவுட் பிடித்துக் காட்டிவிட்டால் அக்காவின் பயம் தெளிந்துவிடும் என்று. நம் ஏரியில் டிரவுட் ஏது என்பாய். அந்தக் காலத்துத் துரை சீமையிலிருந்து குஞ்சு கொண்டுவந்து விட்டபோது வாளியைப் பிடித்தது என் தாத்தாதான். அப்போது இந்த ஏரியே கிடையாதே என்று உன் அம்மா சொல்லுவாள். அவளுக்கு எல்லாவற்றிலும் குறுக்குக் கேள்வி.

கயாக் எங்கே கிடைத்தது தெரியுமா? கோஸ் தோட்டம் வைத்திருக்கிற முருகையாவிடம். மூடிப்போன ஒரு ரிசார்ட்டின் சாமான்களை விற்றபோது, இரண்டு பேர் உட்காருகிற ஆரஞ்சு நிறக் கயாக்கை அவன் வாங்கிவந்து கொட்டகையில் போட்டு அதில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தான். அடியில் இருந்த ஓட்டைகளில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி அடைத்திருந்தான், தண்ணீர் நிற்கவேண்டுமே. ஒரு வாரம் குடு என்றேன். "அப்ப முள்ளங்கிய எங்க கழுவுறதாம்? உன் வாயிலயா? அதுதான் இதைவிடப் பெருசு" என்றான். பொறாமை. ஆனாலும் லோரியில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்தான், ஏரிக்கும் கூடவே வந்தான்.

உன் அம்மாவும் லோரியில் வந்தாள், என்னைத் தடுக்க. தடுக்க முடியாது என்று தெரிந்ததும் இரண்டு காலி எண்ணெய் போத்தல்களை என் இடுப்பில் கயிறு போட்டுக் கட்டினாள். பெரிய ஐந்து லிட்டர் போத்தல். கட்டிவிட்டு லோரிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். இறங்கவில்லை.

ஏரி இப்போது பால் கலந்த தேத்தண்ணி நிறம். வண்டல் மேடு தட்டிக் கிடக்கிறது. நடுவில் காய்கறிப் பெட்டியும் மினரல் வாட்டர் போத்தலும் மிதக்கின்றன. நான் மீனை ஏமாற்றுகிற மினுக்குத் தகட்டைத் தூண்டிலில் கட்டித் தண்ணீரில் விட்டு, நூலை நீளமாகக் கொடுத்து, துடுப்புப் போட்டேன். உன் வேலையின் ரகசியம் எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. தாப்பா மலை ரோட்டில் பாரம் ஏற்றிய லோரியை இறக்குகிற மாதிரிதான். வேகமாகப் போனால் தகடு மேலே வந்துவிடும், நின்றால் அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். மீன் வெகுதூரம் பின்னாலேயே வரும், வாய் வைக்காது. நீ வளைந்து திரும்பும்போது நூல் தொய்ந்து தகடு கொஞ்சம் அமிழ்கிறதே, அப்போதுதான் கடிக்கும். இதை நீ சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தேன்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டையெல்லாம் செருப்பால் அடைத்திருக்கிறதே, மழைத் தண்ணீர் போக வழியில்லை. மடி வரைக்கும் ஏறி, நான் இந்தப் பக்கம் சாய்ந்தால் தண்ணீரும் இந்தப் பக்கம் ஓடியது. அந்த நேரம் பார்த்து ஆட்டுக்கிடா அளவு ஒரு டிரவுட் கடித்து, அணை வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்த்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டுதான் நான் அலறினேன் என்றும், தூண்டிலில் மாட்டியது உரச் சாக்கு என்றும் முருகையா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும்.

ஆனால் டொனால்டு, இதை மட்டும் நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. என் சத்தம் கேட்டதும் உன் அம்மா லோரியிலிருந்து குதித்து ஓடிவந்தாள். நிற்கவில்லை. சேற்றில் இறங்கி, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் வந்து, எண்ணெய் போத்தல் கயிற்றைப் பிடித்து என்னை இழுத்தாள். கரைக்கு வந்த பிறகுதான் நனைந்த தன் கைலியைக் குனிந்து பார்த்தாள். உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைத் திட்டிய திட்டை எழுதினால் தபால்காரர் கொண்டுவரமாட்டார்.

முருகையா கவிழ்ந்த படகை நிமிர்த்தித் தண்ணீரில் நிறுத்தினான். உள்ளே இன்னும் தொட்டி மாதிரி தண்ணீர். என்ன தோன்றியதோ, செருப்புத் துண்டுகளைப் பிடுங்கினான். தண்ணீர் எல்லாம் தானாக இறங்கிப் போய்விட்டது. படகு மூழ்கவில்லை, லேசாக எழும்பி நின்றது. உன் அம்மா எழுந்து வந்தாள். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். லோரியிலிருந்து வாளியை எடுத்துவரச் சொல்லி, அவள் கையாலேயே மொண்டு ஊற்றினாள். போயிற்று. திரும்பவும் ஊற்றினாள். மழையில் நின்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். "அப்ப தண்ணி போறதுக்குத்தான் இந்த ஓட்டையா? வர்றதுக்கு இல்லையா?" என்று கேட்டாள். கொஞ்சம் வரும், வந்த வழியே போய்விடும், படகின் வயிறு தனியாக மூடியிருக்கிறது அக்கா என்றேன். இன்னும் ஒரு வாளி மொண்டாள்.

நேற்றுக் காலையில் அவளே, "வாடா லூயிசு, நான் ஏறிப் பாக்கணும்" என்றாள். எண்ணெய் போத்தல் இப்போது அவள் இடுப்பில். முன்னால் அவள் உட்கார்ந்தாள், பின்னால் நான். தூண்டிலை அவள் கையில் கொடுத்தேன். மறு கையால் படகின் விளிம்பைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. வாய்க்குள் ஜெபம் ஓடிக்கொண்டே இருந்தது. காலடியில் ஓட்டை வழியாகத் தண்ணீர் எட்டிப் பார்த்தபோது காலை இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகத் திரும்ப வைத்தாள்.

கரை ஓரம் திரும்பும்போது நூல் வெட்டி இழுத்தது. அவள் தூண்டிலை விடவில்லை. வந்தது டிரவுட். அது டிரவுட்தான் என்று எழுது என்கிறது என் மனசு. "இதான் டொனால்டு புடிக்கிற மீனா?" என்று கேட்டாள், ஆமாம் என்றேன். நம் ஏரித் திலாப்பியா மீன் எது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் வீட்டுக்குக் கொண்டுவந்து மஞ்சள் தடவிப் பொரித்தாள். நானும் அவளும் நடுத்துண்டைத் தின்றோம். தலை உனக்குத்தானே பிடிக்கும் என்று தட்டுப் போட்டு மூடி வைத்தாள். இன்று காலையில் அதைப் பூனைக்குப் போட்டுவிட்டாள்.

ஓட்டைப் பயம் போயிற்று, இனித் தூங்குவாள் என்று நினைத்தேன். இல்லை. நடந்துகொண்டுதான் இருக்கிறாள். "ஏரியில போறப்ப நீ எனக்குப் பின்னால உக்காந்திருந்தே. அவன் தனியாத்தானே போறான். அவனுக்குப் பின்னால யாருடா இருக்கா?" என்று கேட்டாள். மீன் இருக்கு அக்கா என்றேன். சிரிக்கவில்லை. அதற்கு மேல் இந்த லூயிசுக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

வேலையை விடு என்று நான் சொல்லமாட்டேன். முடிந்தால் கிறிஸ்துமஸுக்கு வா. முடியாவிட்டால் ஒன்று மட்டும் செய். ஏரியில் இறங்குமுன் ஒரு தடவை, கரையேறிய பின் ஒரு தடவை, உன் அம்மாவுக்குப் போன் அடி. அவள் எடுக்கமாட்டாள். எடுக்கவேண்டாம், மணி அடித்தால் போதும். போனை அரிசி டின் மேல் வைத்திருக்கிறாள், சார்ஜ் இறங்க விடுவதே இல்லை. என்றைக்காவது எடுத்தால் ஓட்டையைப் பற்றி விளக்காதே, அவள் உனக்கு விளக்குவாள். சிரிக்காதே.

இதை மடிக்கப்போகும்போது அக்கா வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். முதலில் எழுதச் சொன்னதை அடித்துவிடவா என்றேன். அடிக்காதே, கீழே இதையும் எழுது என்றாள்: "ஓட்டையில புல்லு கில்லு அடைச்சுக்காம பாத்துக்கச் சொல்லு. தினமும் கைய விட்டுப் பாக்கணும்."

ஆண்டவர் உன் படகில் பின் சீட்டில் உட்காரட்டும்.

உன் மாமன்,
லூயிஸ்