விருப்பத்தின் பேரில்

அக்கா,

இன்று காலை ஒரு பட்டிமன்ற நோட்டீஸை டைப் அடிக்கக் கொடுத்தார்கள். 'விரும்பிச் செய்வோருக்கு விபசாரத்தைச் சட்டபூர்வமாக்கலாமா, கூடாதா?' முதல் சொல்லிலேயே விரல் நின்றுவிட்டது. "நல்லா கலகலன்னு இருக்கும் மேடம், நடுவர் ஜோக்கா அள்ளி விடுவாரு" என்றார் கொண்டுவந்த மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுல என்ன சார் ஜோக்?" என்று கேட்டேன்.

எண்பதுகளின் கடைசியில், தாம்பரம் ஸ்டேஷன் எதிரே இருந்த என் டைப்பிங் கடைக்கு நீங்கள் இரும்புலியூரிலிருந்து வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தது நினைவிருக்கிறது. போலீசுக்குப் புகார் எழுத வேண்டும் என்றீர்கள். சொந்தச் சித்தப்பாவே உங்களைப் பம்பாய்க்குக் கூட்டிப்போய் விற்றதையும், ஏழு வருடம் கழித்துத் தப்பி வந்ததையும் கறிகாய் விலை சொல்வதுபோலச் சொன்னீர்கள். "வேலைன்னு சொல்லித்தாம்மா இட்டுனு போனான். நானும் இஷ்டப்பட்டுத்தான் போனேன், தையல் மிஷின்ல குந்திக்கினு தைக்கலாம்னு."

எதிர் வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போதுதான் உங்கள் குரல் உடைந்தது. "அந்தச் சித்தப்பன் இப்ப அவ வூட்டாண்ட வந்து குந்திக்கினு கீறான். அவளுக்கும் தையல் வேலைன்றான். அதுக்கோசரம்தான் எழுதச் சொல்றேன்."

அடித்து முடித்ததும், வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "நீ அடிச்சா சரியாத்தாம்மா இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் கூட வந்தேன். இன்ஸ்பெக்டர் ஒரு வரியை மட்டும் உரக்கப் படித்தார். "உன் விருப்பத்தின் பேர்லதான் போயிருக்க. அப்புறம் எவன் உன்னைக் கடத்தினான்? உன் மேலதான் கேஸ் போடணும்." தையல் மிஷினைப் பற்றி நீங்கள் சொல்லச் சொல்ல, அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பத்தே நாளில் அந்தப் பெண் பம்பாய் ரயில் ஏறினாள். அவள் அம்மா கடிதம் வருமா என்று தபால்காரரைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

பிறகு ஒருமுறை, இதைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்று பேப்பரில் வந்திருந்ததைப் படித்துக்காட்டி, நல்லதா அக்கா என்று கேட்டேன். ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னீர்கள்: "போலீஸ் அடிக்காதுன்னா நல்லதுதான். ஆனா என்னை வித்தவனும் லைசென்ஸ் வாங்கிக்கினு கடை போட்டுடுவானே, அவனை யார் கேப்பா?"

இந்தக் கேள்வியை எந்த அணி கேட்கப்போகிறது? ஒரு அணி உரிமை என்று முழங்கும். இன்னொன்று பண்பாடு என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும். கூட்டிப்போனவனைப் பற்றி எவனும் வாய் திறக்க மாட்டான். இவர்கள் கைதட்டலில் இடி விழ.

நான் இப்போதெல்லாம் வருகிறவர்கள் சொல்வதைச் சொன்னபடியே அடிக்கிறேன். 'என்னம்மா இது, கொச்சையா இருக்கே' என்று வக்கீல்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும்.

"நான் சொல்லாததைப் படிச்சான் பாவி" என்று கடைசிவரை அந்த இன்ஸ்பெக்டரைத்தான் சபித்தீர்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த ஆள் இருந்ததைத்தான் படித்தார், அக்கா. நீங்கள் சொன்னது எழுத்துக்கு உதவாது என்று வேலையையும் தையல் மிஷினையும் வெட்டி எறிந்துவிட்டு, 'என் விருப்பத்தின் பேரில் சென்றேன்' என்று அழகாக அடித்தவள் நான்.