அப்பா உன்னிடம் கேட்காதது

தெற்குத் தராவா,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகள் ரினேட்டாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ போனை எடுக்காததால், விடுதியிலிருந்து தன் சாமான்களை எடுத்துவரத் தைபே வரும், உன் கூடப் படித்த அரிந்தாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு புட்டி தென்னங்கள்ளுப் பாகு. வழியில் அவளே நக்கித் தீர்த்துவிடுவாள், புட்டியைப் பார்த்து வாங்கு.

போன வருடம் நாடாளுமன்றத் தேர்தலில் அப்பா நின்றபோது, தீவு தீவாகப் போய் ஓட்டுக் கேட்கப் படகுக்கு எஞ்சின் இல்லை. தொரோமோன் மாமாவிடம் போய் புபுசி கேட்டார். சொந்தக்காரன் புபுசி என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டால் நம் வழக்கத்தில் யார்தான் இல்லையென்று மறுக்கமுடியும்? தன் புது எஞ்சினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவன் துடுப்புப் போட்டுக்கொண்டு திரிந்தான். அப்பா ஜெயித்தார்.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை. துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நம் தீவு நாட்டுக்குத் தைபேயோடு உறவு முறிந்தது, இனி பெய்ஜிங்தான் நட்பு நாடு என்று வானொலியில் சொன்னார்கள். ஏதோ வெளிநாட்டுச் செய்தி என்றே நினைத்தேன், அசடு! சாயங்காலத்துக்குள் தைபே தூதரகத்தில் கொடி இறங்கிவிட்டது. மறுவாரம் மாணவர்கள் எல்லோரும் திரும்பவேண்டும் என்று உத்தரவு. டாக்டர் படிப்பில் கடைசி வருடம் மட்டும் பாக்கி உள்ள என் மகளுமா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள்.

அப்பா கொதித்துப்போனார். நம் தீவு மனேபா மண்டபத்தில் ஊரே கூடியிருக்க, “என் மக டாக்டராகித்தான் இங்க கால் வைப்பா. இந்த அரசாங்கத்தைக் கவுத்துட்டு மறுபடி தைபேயோட கை குலுக்க வைப்பேன்” என்று சத்தியம் செய்தார். அதை நம்பித்தானே நீ திரும்பாமல் அங்கேயே தங்கினாய். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு எதிர்க்கட்சியிடம் ஆள் தேறிவிட்டது. அப்பா ஒருவர் நகர்ந்தால் மட்டும்தான் குறையும்.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் தொரோமோன் வந்தான். இப்போது அவன் அமைச்சர் பின்னால்தான் அலைகிறான், உனக்குத் தெரியுமே. நான் சுட்ட மீனை முள் மட்டும் மிச்சம் வைத்துத் தின்றுவிட்டு, “மச்சான், ஒரு புபுசி” என்றான். பன்றி கேட்பான் என்று நினைத்தேன். “நாளைக்கு உங்க கைய எங்க பக்கம் தூக்கணும்” என்றான்.

“டேய், அது ரினேட்டாவோட படிப்புடா! உன் மருமக!” என்று கத்தினேன். “அக்கா, நான் ஒங்கிட்டக் கேக்கல” என்றான், என் கூடப்பிறந்தவன். பெய்ஜிங்கில் உனக்கு இடம் வாங்கித் தருவானாம். முதல் வருடத்திலிருந்து படிக்கவேண்டும் என்பதை வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொன்னான். அப்பா கடலைப் பார்த்து நின்றார். மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்றே நம்பினேன்.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் என் கண் முன்னால் கை தூக்கினார். ஒரே ஓட்டில் அரசாங்கம் பிழைத்தது. பார்வையாளர் பாயிலிருந்து இரண்டு பெண்கள் என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். வீட்டில், “அந்தப் பாழாப்போன எஞ்சினைத் திருப்பி எறிஞ்சிருக்கலாமே” என்று சண்டை போட்டேன். “எஞ்சினுக்காகன்னா நெனைக்கிற? கேட்டுட்டான், தாபேரா. வாயைத் திறந்து கேட்டுட்டான்” என்றார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. தொரோமோன் இனி என்னிடம் மீன் கேட்டுப் பார்க்கட்டும். கேட்டால் நானும் கொடுத்துத்தான் தொலைக்கவேண்டும், அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

இன்று காலை அப்பாவிடம் தாளை நீட்டி, “மகளுக்கு எழுதப்போறேன். மன்னிச்சுடும்மான்னு நீங்களே நாலு வரி கேளுங்க” என்றேன். தொடவில்லை. “நான் கேட்டா அவ குடுத்தே ஆகணும். வேணாம். அவளாவது இல்லைன்னு சொல்ற எடத்துல இருக்கட்டும்” என்றார். சொல்லிவிட்டு அழுதார், ரினேட்டா. உன் பாட்டி செத்தபோதுகூட அந்த மனுஷன் அழுது நான் பார்க்கவில்லை.

அதனால் இந்தக் கடிதத்தில் உன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பாவும் இல்லை, நானும் இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடும்போதும் கீழே வைப்பதில்லை. இது வெறும் செய்திதான், மகளே.

உனக்கு உடல்நலமும் சமாதானமும் செழிப்பும் உண்டாகட்டும்.

உன் அம்மா,
தாபேரா