கல்வெட்டின் சிவப்பு அட்டை

இன்று ஒஸ்லோவின் அம்மருட் ரயில் நிலையத்தில் பனிச்சேற்றுக்குள் கால் வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி ஹீட்டருக்குப் பக்கத்தில் சாய்த்தேன். சற்று நேரத்தில் அதன் தையலிலிருந்து சிவப்பாய் ஒரு கோடு தரையில் இறங்கியது.

உலுரு. ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் அந்தப் பெரிய சிவப்புப் பாறை. உன்னோடு நடந்தபோது போட்டிருந்த அதே சப்பாத்து.

பாறையின் அடிவாரத்தைச் சுற்றி நடந்தோம். நீ, நான், உன் அண்ணன். ஒரு வளைவில் பலகை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களின் புனித இடம், படம் எடுக்க வேண்டாம். இதன் கதையை இங்கே நின்றுதான் பார்க்க வேண்டும். வாசித்துவிட்டுத் திரும்பினாய். அண்ணன் உன்னை நோக்கிக் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அதை அழியுங்கோ."

"ஒரு கல்லுக்கு ஏன்ரா இந்தக் கத்தல்?"

"நல்லூர்க் கோயில் மூலஸ்தானத்துக்குள்ள போனைக் கொண்டு போவியளே?"

"சரியடா ஐயரே. அழிச்சிட்டன்."

நீ நம்பினாய். நம்பியதால்தான் மாலை முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

பிறகு ஒஸ்லோவின் முதல் பனி. வழுக்கிப் போன உன் கார். பிறகு உன் முப்பத்தோராம் நாள் சடங்கு. அன்று கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் கல்வெட்டு. பக்கம் அமைத்து அச்சுக்குக் கொடுக்கும் வேலை எனக்கு. அட்டைக்கென்று அண்ணன் அனுப்பிய படத்தைத் திறந்தேன். நீ. பின்னால் அந்த வளைவு. "அழியுங்கோ" என்று சொல்ல வாய் திறந்த கணம்.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு படம் தந்திருப்பார். எனக்கு வேண்டியது வேறு படம் அல்ல.

மண்டபத்தில், எல்லோர் முன்னாலும், அவரே பெட்டியைப் பிரித்தார். முன்னூறு அட்டைகள். வெறும் சிவப்பு. உன் பெயர் மட்டும்.

"டேய், தம்பியின்ர படம் எங்கை?"

"நீங்கள்தானே அண்டைக்கே அழிச்சனீங்கள், அண்ணை."

அண்ணனின் முகம் இறங்கி முடியும்வரை பார்த்தேன். இனித்தது. இன்னும் இனிக்கிறது. உன் அம்மா ஒரு வெற்று அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். அதன்பிறகு அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

இப்போது தரையில் காய்ந்த மண்ணைக் கடதாசியில் கூட்டி எடுத்தேன். ஒரு சிட்டிகைகூட இல்லை. அங்கிருந்து எதையும் கொண்டுவரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன் நான். நாளை தபாலில் திருப்பி அனுப்புவேன், அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதி.

உன் அண்ணனுக்குச் சொல்லமாட்டேன்.

தையலுக்குள் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஊசியால் கிண்டியும் வரவில்லை.