எல்லோருக்கும் தெரிந்த எழுபத்து நாலு

கோட்டைமேடு,
கோயம்புத்தூர்.
16.6.1996

அன்பு மகன் ஷாஹுலுக்கு அத்தா பஷீர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் வீட்டில் அம்மா, உன் அக்கா யுஸ்ரா, அவள் மகள் நிதா எல்லோரும் சுகம், நானும் சுகம்தான், ஷார்ஜாவில் உன் உடம்பும் வேலையும் அதேபோல் இருக்க ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய், யாருக்கும் ஒன்றும் இல்லை. நீ போன மூன்று வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. நீ அம்மாவுக்கு எழுதுவதை எல்லாம் நான் படித்துவிடுகிறேன், அவள் பீரோவில் வைத்த பிறகு எடுத்துப் படித்துவிட்டு அதே மடிப்பில் வைத்துவிடுவேன், அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன், முதல் நாளிலிருந்தே தெரியுமாம். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் அத்தாவுக்கு சலாம் சொல்லவும் என்று ஒரு வரி எழுதுகிறாய். அதை நீயாக எழுதுகிறாயா, அம்மா போனில் சொல்லி எழுதுகிறாயா என்று தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்திருக்கிறேன். என் புத்தி உனக்குத் தெரியாததா. போன கடிதத்தில் உன் அறைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், நல்ல மாதிரி என்று எழுதியிருந்தாய். வந்த ஒரு வாரத்தில் நல்ல மாதிரி என்று எப்படித் தெரிந்தது? பாஸ்போர்ட்டை அவர் கண்ணில் படும்படி வைக்காதே, பெட்டிச் சாவியைத் தலையணைக்குக் கீழே வைக்காதே, எல்லோரும் முதலில் தேடுகிற இடம் அதுதான்.

நான் எழுத வந்தது சூலூர்க் கல்யாணத் துணி விஷயம். அந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது என்று நானே வீட்டில் சொல்லியிருந்தேன், இப்போது நானே எடுக்கிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி. அதற்கு முன்னால் பீளமேட்டுக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் உனக்கு விளங்காது.

பீளமேட்டில் ஒரு பழைய மில் கிடங்குக்கு வெள்ளையடித்து அறிவியல் கூடம் என்று திறந்திருக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு முன்னால் நிதாவின் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சீட்டு கொடுத்து, குடும்பத்தோடு வரவும் என்று போட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கான இடத்துக்குக் குடும்பம் எதற்கு? கடைசியில் எல்லோரையும் நாற்காலியில் உட்காரவைத்துக் குக்கர் விற்பார்கள் பார் என்று யுஸ்ராவிடம் சொன்னேன். மருமகன் ஊரில் இல்லாததால் அம்மா, யுஸ்ரா, நிதா மூன்று பேரையும் நானே பஸ்ஸில் கூட்டிப் போக வேண்டியதாகிவிட்டது. வாசலில் பெரிய நோட்டில் பெயரும் விலாசமும் எழுதச் சொன்னார்கள், எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறார்கள். பெயரைச் சரியாக எழுதிவிட்டுக் கதவு எண்ணை மட்டும் மாற்றி எழுதினேன். உள்ளே ஒரு தண்ணீர்க் குழாய் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கிறது, அதிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து நிற்கின்றன. நான் குடைக் கம்பியை நீட்டி ஒரு தட்டு தட்டினேன், டிங் என்றது, தண்ணீருக்கு உள்ளே கண்ணாடிக் குழாய். அங்கே இருந்த பிள்ளைகளுக்கு எல்லாம் காட்டிக் கொடுத்தேன், ஒன்றுக்கும் பிடிக்கவில்லை, நிதா அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை. அடுத்து, கூடத்தின் இந்த மூலையில் ஒன்றும் அந்த மூலையில் ஒன்றுமாக ஆள் உயரத்துக்கு இரண்டு பெரிய தட்டு, ஒன்றின் முன்னால் மெதுவாகப் பேசினால் மற்றதில் கேட்குமாம். அம்மா அந்தப் பக்கம் போனாள், நான் இந்தப் பக்கம் காதை வைத்தேன். ஏனுங்க, பையனுக்கு ஒரு கடுதாசி போடுங்களே என்று பக்கத்தில் நின்று சொல்வதுபோல் கேட்டது. ஒயர் எங்கே போகிறது என்று தட்டுக்குப் பின்னால் போய்த் தேடினேன், ஒயர் இல்லை.

அதற்கு அடுத்துதான் கண் சோதிக்கிற இடம். செவ்வந்தி என்று ஒரு பெண், அங்கேயே கல்லூரியில் படிக்கிறாளாம், ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வட்டம், வட்டம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக நிறம், அதற்குள் ஒரு எண் ஒளிந்திருக்கும், அதைச் சொல்ல வேண்டும். நிதா பார்த்த உடனே எழுபத்து நாலு என்றாள். யுஸ்ராவும் எழுபத்து நாலு. நான் நன்றாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன், தெளிவாக இருபத்தொன்று. பள்ளியில் முன்னாலேயே சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், நிதா சொன்னதைக் கேட்டு யுஸ்ரா சொல்கிறாள் என்று நினைத்தேன். அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் ஒரு தடவை பார்த்தாள், என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், நா ஒண்ணும் சொல்லலீங்க என்று தள்ளிப் போய் நின்றுகொண்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே போய் வாட்ச்மேனைக் கையோடு கூட்டி வந்தேன், அவர் எழுபத்து நாலு என்றார், அவர் இவர்களிடம் சம்பளம் வாங்குகிறவர், வேறு என்ன சொல்வார். வரிசையில் நின்ற இரண்டு அம்மாமார்களைக் கேட்டேன், எழுபத்து நாலு. நானும் விடவில்லை. அந்தப் பெண்ணிடம், நீ புத்தகத்தைச் சாய்த்துப் பிடிக்கிறாய் அம்மணி, நேராக வை என்றேன். அவள் கோபப்படாமல் என் கையிலேயே புத்தகத்தைக் கொடுத்துவிட்டாள்.

அப்போது வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்து, அது இருபத்தொண்ணுதானுங்களே, இதுல என்ன சண்டைங்க என்றார். ஷாஹுல், எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்வது. இவ்வளவு கூட்டத்தில் உண்மை பேசுகிற ஒரு மனுஷன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெயர் பாலுசாமி, கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டம், பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். அவர் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டு, நமக்கு ரண்டு பேருக்கும் ஒரே கோளாறுங்க பாய், எனக்குச் செடியில நிக்கற தக்காளி பழமா காயான்னே தெரியாதுங்க, தொட்டுப் பாத்துத்தானுங்க பறிப்பேன், சந்தைக்குப் போறதை எல்லாம் எங்கூட்டுக்காரி வெங்கடம்மா பாத்துப் பொறுக்கிக் குடுத்துருவாளுங்க என்றார். சொல்லிவிட்டு, நீங்க என்ன யாவாரமுங்க என்று கேட்டார். நான் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தேன். நிதாதான் எங்க தாத்தா கலர் கலரா ஜாக்கெட் துணி விக்கறாருங்க என்றாள். குழந்தை விளையாட்டுக்குச் சொல்கிறது என்று அவர் இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

ஊரே ஒன்றாகச் சேர்ந்து சொன்னதை நான் நம்பவில்லை, எனக்காகப் பேசிய அந்த ஒரு மனுஷன் சொன்னதில்தான் மாட்டிக்கொண்டேன். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நம் கடை அலமாரியில் இருபத்திரண்டு வருடமாக அரக்குச் சிவப்பு எனக்கு மூன்றாவது தட்டில் இடது கோடி. பாட்டில் பச்சை அதற்கு இரண்டு தட்டு கீழே. மயில் கழுத்து மேலே ஜன்னலை ஒட்டி. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன் என்று பெருமையாகச் சொல்வேனே, கண்ணைத் திறந்துகொண்டும் அப்படித்தான் எடுத்திருக்கிறேன். நீ வந்து, வாங்க வருகிறவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று தட்டுகளை எல்லாம் மாற்றி, சிவப்பு வகை ஒரு பக்கம், பச்சை வகை ஒரு பக்கம் என்று அடுக்கினாய். அடுக்கின அந்த வாரம்தான் சூலூர்க்காரர்கள் கல்யாணத்துக்கு நாற்பது ரவிக்கைக்கு அரக்கு கேட்டார்கள். நான் பழைய பழக்கத்தில் மூன்றாவது தட்டு இடது கோடியில் கை வைத்து உருவினேன், நானே அளந்தேன், நானே வெட்டினேன், நீ பொட்டலம் கட்டினாய். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர்கள் அத்தனையையும் கொண்டுவந்து கடை வாசலில் கொட்டினார்கள், எல்லாம் பாட்டில் பச்சை. அவர்கள் முன்னாலேயே, கட்டும்போது நீ மாற்றிவிட்டாய், என்னைக் கண் தெரியாத கிழவன் என்று ஊருக்குக் காட்டிக் கடையைப் பிடுங்கப் பார்க்கிறாய் என்று சொல்லி உன்மேல் கை நீட்டினேன். நீங்கதான் அத்தா வெட்டுனீங்க, தெரிஞ்சுதான் வெட்டறீங்கன்னு நெனச்சு நான் கேக்கலீங்க என்று நீ சொன்னாய். அது உன் சாமர்த்தியப் பேச்சு என்றேன். நீ குர்ஆன் மேல் சத்தியம் செய்யட்டுமா என்று கேட்டாய், பொய்ச் சத்தியத்துக்கும் துணிந்துவிட்டான் என்று அதற்கும் திட்டினேன். நாற்பது நாளில் நீ விமானம் ஏறிவிட்டாய். நீ போன மறுநாளே நம் கடை ஆள் மாசாணத்திடம் எல்லாத் தட்டையும் பழையபடி அடுக்கச் சொன்னேன், அதற்குப் பிறகு ஒரு துணியும் மாறவில்லை, பார்த்தாயா, அவன் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிக் காட்டினேன். அதைத்தான் இப்போது நினைக்க முடியவில்லை.

அப்போதும் நான் முழுக்க நம்பிவிடவில்லை. அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் ஒரு கண் டாக்டரிடம் போனேன், அவரிடமும் அதே மாதிரிப் புத்தகம், அதே இருபத்தொன்று. இது பிறவியிலேயே வருவது, சிவப்பும் பச்சையும் குழம்பும், மருந்து கிடையாது என்றார். கடைக்கு வந்து மாசாணத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, தெரியுமுங்க மொதலாளி, வந்த வருசமே தெரியுமுங்க, நீங்க துணிக் கட்டை உருவறப்ப நான் பக்கத்துலயே நிப்பேனுங்க, தப்பா இருந்தா வேற கட்டைக் கைக்குத் தள்ளி உடுவேனுங்க என்றான். சூலூர்த் துணி வெட்டிய அன்று அவன் மாசாணியம்மன் கோயில் குண்டத்தில் தீ மிதிக்க ஆனைமலை போயிருந்தான், உனக்கு ஞாபகம் இருக்கும். இத்தனை வருடம் ஏன்டா சொல்லவில்லை, என் மகன் போகும்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொன்னா நீயும் தம்பியும் சேந்து பண்றீங்களான்னு எம்மேலயும் சந்தேகப்படுவீங்களேன்னு பயந்துபோட்டனுங்க என்றான். அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லை, அப்படித்தான் நான் செய்திருப்பேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன், அழுதுவிட்டாள். மூன்று வருடமாக என் பையன் திருடன் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னால் நம்புவீர்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன், கடைசியில் ஒரு தக்காளிக்காரர் சொல்ல வேண்டியதாகிவிட்டது என்றாள்.

மகனே, நீ துணியை மாற்றவில்லை. நான்தான் மாற்றினேன். சூலூர்க்காரர்கள் முன்னால் உன்னை அடித்தேன், அதனால் போன ஞாயிற்றுக்கிழமை சூலூருக்குப் பஸ் ஏறிப் போய் அந்த வீட்டில் உட்கார்ந்து, தப்பு என் கண்ணுடையது, என் மகனுடையது இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன, அவர்கள் அந்த விஷயத்தை எப்போதோ மறந்துவிட்டார்கள், காபி கொடுத்தார்கள். மறக்காதவர்கள் நீயும் நானும்தான். இந்தக் கோளாறு அப்பனிடமிருந்து மகனுக்கு வராது என்று டாக்டர் சொன்னார், கேட்டதும் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். யுஸ்ரா வழியாகப் பேரனுக்கு வரலாமாம், அவளுக்கு இப்போது ஆறாவது மாதம், பையனாகப் பிறந்தால் முதலிலேயே பார்த்துவிட வேண்டும், யாரும் அவனை அடித்துவிடக் கூடாது. கடையில் தட்டுகளை எல்லாம் மறுபடி நீ அடுக்கியபடியே அடுக்கச் சொல்லிவிட்டேன். எனக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒவ்வொரு கட்டுக்கும் மாசாணத்தைக் கேட்கிறேன், அவன் சொன்னதை வெட்டுகிறேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது இவன் வேண்டுமென்றே மாற்றிச் சொல்கிறானோ என்று தோன்றத்தான் செய்கிறது, வாயை மூடிக்கொண்டு வெட்டிவிடுகிறேன். நீ வந்து பக்கத்தில் நின்றால் எனக்கு இன்னும் நிம்மதியாக இருக்கும். வா என்று கட்டளை போட எனக்கு வாய் இல்லை, அத்தாவை மன்னித்துவிடு என்று கேட்கத்தான் இருக்கிறது, கேட்டுவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, ஜும்ஆ தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனைவியையும் உன்னை நம்புகிற மனிதர்களையும் தரட்டும். மறக்காமல் ஒன்று செய். விடுமுறைக்கு வந்திருந்த அடுத்த தெரு சுஃப்யான் வருகிற வெள்ளிக்கிழமை ஷார்ஜா திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதத்தோடு ஒரு சட்டையும் கொடுத்து அனுப்புகிறேன். வேறு கடைக்குப் போய் நானே எடுத்தது, மாசாணத்தையும் அம்மாவையும் கேட்கவில்லை. கடைக்காரர் ஒரு நிறம் சொன்னார், அதை இங்கே எழுதப் போவதில்லை. பிரித்துப் பார்த்து என்ன நிறம் என்று நீ எனக்கு எழுது. நீ எழுதினால் அதுதான் நிறம்.

இப்படிக்கு உன் அத்தா,
மு. பஷீர்